பத்து மில்லியன் டாலரும் வராத கோப்பையும்

கேள்வி: ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் லான்ஸ் ஃபிராங்க்ளினுக்கு ஒன்பது ஆண்டு ஒப்பந்தம், பத்து மில்லியன் டாலர் என்று சிட்னி ஸ்வான்ஸ் அள்ளிக் கொடுத்தது. அவர் இருந்த காலத்தில் அணிக்கு ஒரு பிரீமியர்ஷிப் கோப்பைகூடக் கிடைக்கவில்லை. அப்படியிருந்தும் அவரை மாமேதை என்று கொண்டாடுவது சரிதானா?
(சிட்னி வாசகர் ஒருவர்)

பதில்: சரிதான். களத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்குப் பதினெட்டுப் பேர் நிற்கும் ஆட்டம் இது. அதில் ஒருவருடைய சம்பளத்தை ஒரு தட்டிலும் கோப்பையை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்க்கிறீர்கள்; அந்தத் தராசை என்னால் ஏற்க முடியவில்லை. தடுப்பாட்டக்காரர் முதுகோடு ஒட்டி நின்று இடிக்கும்போதும் பந்தைக் கைக்குள் கொண்டுவந்து, நான்கு கம்பங்களில் நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையே உதைத்து, அணிக்கு ஆறு புள்ளிகள் சேர்ப்பதுதான் முன்கள வீரரின் வேலை. சிட்னிக்காக 172 ஆட்டங்களில் அதை அவர் 486 முறை செய்தார். கோல் அடிப்பதில் முதலிடம் பெறுபவருக்கான கோல்மன் பதக்கத்தை 2014, 2017 ஆகிய ஆண்டுகளில் அங்கிருந்தே வென்றார்.

கோப்பை வராததற்கு அவர்தான் காரணம் என்கிறீர்களா? 2014 இறுதிப் போட்டியில், அவர் முந்தைய ஆண்டுதான் விட்டு வந்த ஹாதார்ன் அணி சிட்னியை 63 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கியது. அன்று சிட்னி அடித்த பதினொரு கோல்களில் நான்கு ஃபிராங்க்ளினுடையவை. 2016 இறுதிப் போட்டியில் தொடக்கத்திலேயே கணுக்காலில் அடிபட்டும் ஆடினார். 2022 இறுதிப் போட்டியில் அவரால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை என்பது உண்மை, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அப்போது அவருக்கு வயது 35.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் டவரின் என்ற சிற்றூரில் வளர்ந்த பழங்குடி நூங்கர் இளைஞர் அவர். 2004 வீரர் தேர்வில் ஐந்தாவது ஆளாக ஹாதார்ன் அவரை எடுத்தது. 2008இல் அவர் அடித்த கோல்கள் 113. ஒரே பருவத்தில் நூறு கோல் கண்ட முதல் பழங்குடி வீரர் அவரே, அதற்குப் பிறகு எவரும் நூறைத் தொடவில்லை. அந்த ஆண்டும் 2013லும் ஹாதார்ன் கோப்பை வென்றபோது அவர் அணியில் இருந்தார். ஆக, கோப்பையே அறியாதவர் அல்லர்.

ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 26 வயதுக்காரருக்கு ஒன்பது ஆண்டுகளா, பாதியிலேயே உடல் விட்டுவிடும் என்று பலர் எழுதினார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. 2020 பருவம் முழுவதும் காயத்தால் போயிற்று. 2015 செப்டம்பரில், மனநலப் பாதிப்பால் இறுதிச் சுற்று ஆட்டங்களிலிருந்து அவர் விலகியதாக அணி வெளிப்படையாகவே அறிவித்தது. அந்த உயரத்தில் இருந்த ஒரு விளையாட்டு வீரர் அப்படி விலகி, அடுத்த ஆண்டே திரும்பி வந்து ஆடியதை, எத்தனை டாலர் என்று கணக்கிடுவீர்கள்? ஒன்பது ஆண்டுகளையும் முடித்து, அதன் மேல் இன்னொரு பருவத்திலும் களமிறங்கி, அதன் நடுவில்தான் 2023இல் ஓய்வுபெற்றார்.

அவர் கோலை நோக்கி உதைக்க வருவதை ஒருமுறையாவது கூர்ந்து பாருங்கள். எல்லோரும் கம்பங்களை நோக்கி நேராக ஓடி வருவார்கள். இவரோ இடப்புறமாக வளைந்து, வில் போல ஓடிவந்து, இடக்காலால் உதைப்பார். இளம் வீரருக்கு எந்தப் பயிற்சியாளரும் இப்படிக் கற்றுத்தர மாட்டார். அவருக்கு அது இயல்பாகவே அமைந்தது. குறி தவறிய உதைகளும் நிறைய உண்டு.

2022 மார்ச் 25 இரவு, சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் ஜிலாங் அணிக்கு எதிராக அவரது ஆயிரமாவது கோல் விழுந்தது. அதற்கு முன் அந்த எண்ணிக்கையை எட்டியவர்கள் ஐந்தே பேர். அந்த நொடியில் ஆயிரக்கணக்கானோர் வேலி தாண்டிக் களத்துக்குள் ஓடினார்கள்; ஏறத்தாழ அரை மணி நேரம் ஆட்டம் நின்றது. ரக்பி லீக்கின் ஊர் என்று பெயரெடுத்த சிட்னியில், ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஆடும் ஒருவருக்காக நடந்தது இது. நீங்களும் அந்த ஊர்க்காரர்தானே, அன்று எங்கே இருந்தீர்கள்?