எடை குறைவாகப் பிறந்த பெண் பிள்ளைகள்: அம்மாக்கள் கேட்டவை

கேள்வி: டாக்டர், என் மக பிறந்தப்போ 2.2 கிலோதான். இப்போ நாலு வயசு, ஒல்லியாத்தான் இருக்கா. தேறணும்னு மாமியார் நெய்ச்சோறும் சத்து பானமுமா கொடுக்குறாங்க. சரியா?

பதில்: பாட்டியின் அக்கறை புரிகிறது, ஆனால் இந்த வழி வேண்டாம். முதல் இரண்டு வருடத்தில் எடை கூடுவது நல்லது. அதன்பின் உயரம் கூடாமல் எடை மட்டும் ஏறினால்தான் ஆபத்து. டெல்லியில் சுமார் 1,500 பேரைப் பிறந்ததிலிருந்தே கவனித்து, 26 முதல் 32 வயதுக்குள் சர்க்கரை பரிசோதித்தார்கள். 2004இல் வெளியான முடிவு இது: சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ வந்தவர்கள் கைக்குழந்தைப் பருவத்தில் ஒல்லியாக இருந்து, 2 வயதுக்குமேல் வேகமாகச் சதை போட்டவர்கள். ஆனாலும் 12 வயதில் அவர்களில் ஒருவர்கூட உடல் பருமன் என்ற அளவுக்குக் குண்டாக இல்லை. 'நல்லா தேறிட்டா' என்று வீட்டார் மகிழ்ந்திருக்கக்கூடிய பிள்ளைகள்தான்! முட்டை, பருப்பு, சுண்டல், கீரை கொடுங்கள். ஓடி விளையாட விடுங்கள். பல சத்து பானங்களில் சர்க்கரை அதிகம்.

கேள்வி: ஒல்லியாப் பிறந்தா சர்க்கரை எப்படி வரும்?

பதில்: புனே அருகே கிராமங்களில் சர்க்கரை நோய் மருத்துவர் யாஜ்னிக்கின் குழுவினர் அளந்தபோது பிறப்பு எடை சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்று உறுப்புகளும் சிறியவை, தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. சர்க்கரையை எரிக்க வேண்டியது தசை. அது குறைவாக இருக்கும் உடலில் பின்னால் கொழுப்பு ஏறினால், இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாது.

கேள்வி: குறைப்பிரசவம் இல்ல, ஆனா எடை கம்மியாப் பிறந்தா. 11 வயசுலயே பெரிய மனுஷி ஆயிட்டா. பிசிஓடி வருமா மேடம்?

பதில்: 11 வயது இயல்பான வயதுதான், பயப்படாதீர்கள். 8 வயதுக்கு முன் மார்பு வளர்ந்தாலோ, 10க்கு முன் மாதவிடாய் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, எல்லோருக்கும் வராது. ஆனால் சிறியதாகப் பிறந்து வேகமாகச் சதை போட்ட பெண்களுக்கு வாய்ப்பு கூடுதல். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது உடல் அதை அதிகம் சுரக்கும்; அப்படி இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் சினைப்பை ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்கும். முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அதனால்தான். பின்கழுத்து கறுத்துத் தடித்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். அது இன்சுலின் தரும் முன்னறிவிப்பு.

கேள்வி: நான் சைவம், 3 மாசம். ஃபோலிக் மாத்திரை போதுமா?

பதில்: அதை நிறுத்தவே கூடாது, ஆனால் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். புனே ஆய்வில், கர்ப்பத்தில் ஃபோலேட் (ஃபோலிக் மாத்திரை தரும் சத்து) மிகுந்து பி12 குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்குத்தான் 6 வயதில் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை, மிக அதிகம். காய்கறியில் பி12 கிடையாது. பால், தயிர் தினமும் வேண்டும். குறைவென்றால் மருத்துவர் மாத்திரை தருவார்.

கேள்வி: எனக்கு 24 வயசு, எடை கம்மியாத்தான் பிறந்தேன். இப்போ பிசிஓடி, 78 கிலோ. இனி என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்யலாம் அம்மா. 5 முதல் 10 சதவீத எடை, உங்களுக்கு 4 முதல் 8 கிலோ, குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியை நடையோடு சேருங்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது முதலிலேயே சர்க்கரை, பி12, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.