புள்ளியும் தாளமும்

அன்புள்ள ஐயா,

ஹசன் மஸ்ஊதியின் அரபி எழுத்தோவியங்களில் 'மேளச் சத்தம் கேட்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அழகுதான். ஆனால் எனக்கு அரபி வாசிக்கத் தெரியாது. நிறமும் வளைவும் தெரிந்தன, சத்தம் கேட்கவில்லை. நீங்கள் சொன்னது வெறும் உவமையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உவமை இல்லை. அந்த எழுத்திலேயே கணக்கு இருக்கிறது. நாணல் பேனாவை அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதின் எழுத்துக்கலைஞர் இப்னு முக்லா அதைத்தான் அளவுகோலாக்கினார். அரபியின் முதல் எழுத்தான அலிஃப் இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் அதையொட்டி. அதே நூற்றாண்டில் பஸ்ராவின் இக்வான் அஸ்ஸஃபா என்ற தத்துவக் குழுவினர், இசை பற்றி எழுதிய மடலிலேயே எழுத்தின் அளவுகளையும் பேசியிருக்கிறார்கள்.

இப்போது தர்புகா என்ற அரபுக் கைமேளத்தைக் கேளுங்கள். தோலின் நடுவில் அடித்தால் 'தும்', ஓரத்தில் 'தக்'. மக்ஸூம் தாளம் இப்படிப் போகும்: தும் தக் – தக் தும் – தக் –. எட்டில் ஐந்து அடி, மூன்று இடம் காலி. அந்த மூன்றையும் நிரப்பிப் பாருங்கள், தாளம் செத்துவிடும். மஸ்ஊதியின் தாளில் ஒரே ஒரு சொல் பெரிதாக எழுந்து நிற்கும். அது வரும் முழு வரியும் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். சுற்றிலும் வெறும் தாள். பெரிய சொல் எனக்குத் 'தும்', அடிவரி 'தக் தக்'. அந்த வெறும் தாள் இல்லாமல் இரண்டும் கேட்காது.

மஸ்ஊதியின் கை மேடையில் பழகிய கை. 1944இல் இராக்கின் நஜஃபில் பிறந்து 1969இல் பாரிஸ் போனவர் அவர். 1972இல் நடிகர் கீ ஜாக்கேயுடன் 'அரபெஸ்க்' நிகழ்ச்சியைத் தொடங்கினார். பிறகு இசைக்கலைஞர் ஃபவ்ஸி அல் ஆயிதியும் சேர்ந்துகொண்டார். கவிதையும் இசையும் நடக்க நடக்க எழுத வேண்டும், அது பெரிய திரையில் தெரியும். வாத்தியம் காத்திருக்காது, அழித்து எழுதவும் முடியாது. அவருடைய கோட்டுக்கு வேகம் வந்தது அங்கேதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் மக்ஸூமைக் கேட்டு மேசையில் தட்டிப் பழகுங்கள். பிறகு ஒரு படத்தை எடுத்து, வாசிக்க முயலாமல், வலப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு கோட்டை விரலால் தொடருங்கள். எங்கே அழுந்துகிறது, எங்கே வேகமெடுத்து நிறம் பிசிறுகிறது என்று பாருங்கள். கேட்டதா என்று எனக்கு எழுதுங்கள்.