படையில் பெற்ற எலக்ட்ரீஷியன் தகுதி வெளியே வந்த பிறகு எந்த அளவுக்குச் செல்லுபடியாகும்?

கடற்படையின் மின்பிரிவில் 15 ஆண்டுப் பணியை முடித்து அடுத்த ஆண்டு ஊர் திரும்பவிருக்கும் நீங்கள் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் படைத்தகுதி ஐடிஐ எலக்ட்ரீஷியன் படிப்புக்குச் சமமாகுமா என்பது ஒன்று. அதை வைத்துத் தமிழ்நாட்டில் சொந்தமாக ஒயரிங் வேலை எடுத்துச் செய்யலாமா என்பது மற்றொன்று. நானும் அதே பிரிவில் இருந்து வந்தவன்தான். இப்போது கோவைப் பக்கம் மின் ஒப்பந்தப் பணிகளைச் செய்து வருகிறேன்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்பதே பதில். இரண்டாவதற்கு, மாநில அரசின் சான்றிதழும் உரிமமும் இல்லாமல் கூடாது என்பதே பதில். தகுதிச் சமன் வேறு, வேலை செய்வதற்கான அனுமதி வேறு என்பதை ஓய்வுபெற்று வந்த பிறகே தெரிந்துகொண்டு, ஓராண்டையோ இரண்டு ஆண்டையோ வீணாக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெறும் படைவீரர்களின் மறுவாழ்வுக்காகப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இயக்குநரகமான டிஜிஆர், முப்படைகளின் தொழிற்பிரிவுகள் எந்தெந்த சிவில் தொழில்களுக்கு இணையானவை என்பதைத் தொகுத்து, வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பயன்பாட்டுக்காக வெளியிடுகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் எலக்ட்ரீஷியன் என்று பதிவு செய்வதற்கும், ‘அல்லது அதற்கு இணையான தகுதி’ என்று அறிவிக்கையில் குறிப்பிட்டிருக்கும் பணிகளுக்கு விண்ணப்பிப்பதற்கும் அது கைகொடுக்கும். தேசியத் தொழிற்சான்றிதழ், அதாவது என்டிசி, கட்டாயம் என்று கேட்கும் பணிகளுக்கு அந்தப் பட்டியல் மட்டும் போதாது. பத்தாம் வகுப்புடன் 15 ஆண்டுப் பணி முடித்தவர்களைப் பட்டதாரிக்கு இணையாகக் கருதும் மத்திய அரசின் சலுகையையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது குரூப் சி பணிகளில் பட்டப்படிப்பு கேட்கப்படும் இடங்களுக்கானது. தொழில்நுட்பத் தகுதி கேட்கும் பணிக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

இனி அனுமதி பற்றி. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதியாக இருந்தது, பின்னர் மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இடம்பெற்றது. பல்பு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை மாற்றுவதைத் தவிர, மற்ற மின்னமைப்பு வேலைகளை மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளரின் நேரடிக் கண்காணிப்பில், அனுமதிச் சான்று உள்ள பணியாளர்களைக் கொண்டு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களை வழங்குவது சென்னை கிண்டியில் உள்ள மின் உரிம வாரியம். மின்கம்பியாள் உதவியாளர், மின்கம்பியாள், மேற்பார்வையாளர், ஒப்பந்ததாரர் என்று இதில் படிகள் உண்டு. உதவியாளர் தகுதிகாண் தேர்வை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது நிரம்பி, ஒயரிங் வேலையில் ஐந்து ஆண்டு செய்முறை அனுபவம் உள்ளவர்களுக்கு அது திறந்திருக்கிறது, மேல் வயது வரம்பு கிடையாது. ஆர்டிபிசராக, அதாவது கடற்படையின் உயர்நிலைத் தொழில்நுட்பப் பணியாளராக, பயின்று டிப்ளமா பெற்றவராக நீங்கள் இருந்தால் நிலை வேறு. குறிப்பிட்ட அனுபவத்தோடு மேற்பார்வையாளர் சான்றிதழுக்கே முயலலாம்.

இந்த இடத்தில்தான் நீங்கள் வாங்கி வரும் காகிதங்களின் வாசகம் முக்கியமாகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் தொழிற்பிரிவு என்ற இடத்தில் ஒரு சுருக்கப் பெயரும், படித்த கோர்ஸ்களின் பெயரும்தான் இருக்கும். அதைப் பார்க்கும் அலுவலருக்கு நீங்கள் டார்பிடோவுக்கு மின்சாரம் கொடுத்தீர்களா, குடியிருப்புக்கு கேபிள் இழுத்தீர்களா என்று தெரிய வழியில்லை. ஆகவே கடற்படையின் மின்பயிற்சித் தளமான ஐஎன்எஸ் வல்சுராவில் பெற்ற பயிற்சியின் காலம், பாடங்கள், மதிப்பெண்கள் அடங்கிய சான்றையும், நீங்கள் வேலை செய்த மின்னழுத்தம், ஜெனரேட்டரின் திறன், சுவிட்ச்போர்டு, மோட்டார், கேபிள் வேலைகள் ஆகியவற்றை ஆண்டு வாரியாகக் குறிப்பிடும் அனுபவச் சான்றையும், கரைத்தளத்தில் கட்டட ஒயரிங் செய்திருந்தால் அதைத் தனியாகவும், அதிகாரியின் கையொப்பம், முத்திரையுடன் சீருடையில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வெளியே வந்த பிறகு பணி ஆவணங்களை வைத்திருக்கும் கடற்படை அலுவலகத்துக்கு எழுதிக் காத்திருப்பது பெரும்பாடு.

தொழிலறிவிலும் ஓர் இடைவெளி உண்டு என்பதை உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன். நான் இருந்த கப்பலில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது. மின்சாரம் வரும் பேஸ் கம்பிகளில் ஒன்று கப்பலின் உடலில் தட்டினால் சுவிட்ச்போர்டில் உள்ள மூன்று எர்த் விளக்குகளில் ஒன்று மங்கும், மற்ற இரண்டும் பளிச்சென்று எரியும். மின்சாரம் நிற்காது, நாம் சாவகாசமாகப் பழுதைத் தேடுவோம். ஊரில் டிரான்ஸ்ஃபார்மரிலேயே நியூட்ரல் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. வீட்டு எர்த் சரியில்லை என்றால், கிரைண்டரின் உடலில் மின்சாரம் ஏறினாலும் மின்னோட்டம் மிகும்போது தானாகத் துண்டிக்கும் எம்சிபி விழாமல் இருக்கக்கூடும். தொடுபவர் உயிர் போகும். எங்கள் பகுதியில் பாறை நிலத்தில் பைப் இறக்கிக் கரியும் உப்பும் கொட்டிவிட்டு, எர்த் டெஸ்டரை வைத்துப் பார்க்காமலே போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே, மின்கசிவை உணர்ந்து உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் எந்த வீட்டையும் நான் ஒப்படைப்பதில்லை. எர்த்திங்குக்கு ஐஎஸ் 3043, கட்டட ஒயரிங்குக்கு ஐஎஸ் 732 ஆகிய இரண்டு தரநிலைகளையும் இப்போதே படிக்கத் தொடங்குங்கள். விமானப்படையில் 28 வோல்ட் டிசியும் 400 ஹெர்ட்ஸ் ஏசியும் மட்டுமே பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரியது. தரைப்படையின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் எலக்ட்ரீஷியனாக இருந்து முகாம்களுக்கும் கட்டடங்களுக்கும் மின்சாரம் கொடுத்தவர்களுக்குக் குறைவு.

ஓய்வுக்கு முன் டிஜிஆர் நடத்தும் பயிற்சிகளில் இடம் கிடைத்தால், பாதுகாப்பு அலுவலர் பயிற்சி எளிது என்று அதைத் தேர்ந்தெடுக்காமல், மின்தொழில் சார்ந்த ஒன்றைக் கேளுங்கள். ஊர் வந்ததும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துவிட்டு, உரிமம் உள்ள ஒப்பந்ததாரர் ஒருவரிடம் வேலைக்குச் சேருங்கள். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் ஓய்வூதியம் வரும் காலத்தில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். அவரிடம் செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி, இடம், லோடு, மெக்கர் அளவு (கம்பிகளின் காப்புத் தடை), எர்த் அளவு ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதி அவ்வப்போது கையொப்பம் வாங்கி வாருங்கள். வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது அனுபவச் சான்றை எழுதித் தர அவருக்கும் அது உதவும்.