1848-இல் எடுத்த, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரப் படத்தில் கடிகார முள்கூடத் தெரிகிறதே, எப்படி?

அது டாகெரோடைப் என்னும் பழைய முறையில் எடுத்த படம். வெள்ளி பூசிய செம்புத் தகட்டைக் கண்ணாடி போலப் பளபளப்பாக்கி, அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைத்துப் படம்பிடித்து, பிறகு பாதரச ஆவியில் உருவத்தை வரவழைப்பார்கள். உடம்புக்குக் கெடுதலான வேலைதான்!

ஃபோன்டெய்ன், போர்ட்டர் என்ற இருவர் ஒஹாயோ ஆற்றின் எதிர்க்கரையான நியூபோர்ட்டிலிருந்து எட்டுத் தகடுகளில் சின்சினாட்டியின் ஆற்றங்கரையைப் பிடித்தார்கள். நீராவிப் படகுகள், கடைப் பலகை எழுத்துகள், கரையில் நிற்கும் ஆட்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. தேவாலயக் கடிகாரம் வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளிதான். நுண்ணோக்கியில் பார்த்தால் 1.55 மணி.

காரணம், உருவம் படிவது மிக மிக நுண்ணிய துகள்களாக. நாளிதழ்ப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனால் புள்ளி புள்ளியாக உடைந்துவிடும் அல்லவா? இந்தத் தகட்டில் துகள்கள் அவ்வளவு பொடி என்பதால், பல மடங்கு பெரிதாக்கினாலும் உருவம் சிதைவதில்லை. தகடுகள் இன்றும் சின்சினாட்டி பொது நூலகத்தில் உள்ளன.

அப்புறம், பழைய படம் என்றாலே மங்கல் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் பார்க்கும் மங்கல் பெரும்பாலும் நகலுக்கு நகல் எடுத்ததால் வந்தது.