விடைக்குப் பதில் எல்லை வந்தால் அது பிழையன்று

கேள்வி: ஒவ்வோர் எழுத்தும் வெவ்வேறு இலக்கத்தைக் குறிக்கும் ‘செண்ட் கூட்டல் மோர் சமம் மணி’ (SEND + MORE = MONEY) என்ற எழுத்துப் புதிரை ஓஸ் (Oz) என்ற நிரல்மொழியில் எழுதினேன். முதலில் பிழைச்செய்தி எதுவுமின்றி நிரல் அப்படியே நின்றுவிட்டது. குறியை மாற்றியபின் மூன்று எழுத்துகளுக்கு மட்டும் எண் கிடைத்தது. மற்றவற்றுக்கு ‘4 முதல் 7 வரை’ என்பதுபோல் எல்லைகளே வருகின்றன. சரியான நிரலை விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் பிழை இல்லை. வேலையின் பின்பாதியை இன்னும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மதிப்பு ஏறாத மாறியைக் கொண்டு கணக்கிடச் சொன்னால், ஓஸ் அதைப் பிழையாகக் கருதாமல் மதிப்பு வரும்வரை காத்திருக்கும். வெறும் சமக்குறி இட்டபோது நிரல் நின்றது அதனால்தான். சமக்குறியை அடுத்து முக்காற்புள்ளியும் இட்டால், அந்த வரி கணக்காக இல்லாமல் நிபந்தனையாக நின்று, பொருந்தாத இலக்கங்களைக் கழித்துக்கொண்டே வரும். இரண்டு நான்கிலக்க எண்களின் கூட்டுத்தொகை 20,000ஐ எட்டாது என்பதால் எம் 1 ஆகிறது; அதைத் தொடர்ந்து எஸ் 9, ஓ 0 என்று முடிவாகின்றன. அதற்குமேல் கழிக்க வழியில்லாதபோது மிஞ்சுபவையே நீங்கள் கண்ட எல்லைகள்.

இனி ஊகித்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு ஊகிக்கும், எஃப்.டி. (FD) தொகுதியின் டிஸ்ட்ரிபியூட் கட்டளையை, மிகக் குறைந்த வாய்ப்புகள் உள்ள எழுத்தை முதலில் எடுக்கும் எஃப்.எஃப். (ff) விருப்பத்துடன் கடைசி வரியாகச் சேர்த்து, முழுவதையும் ஒரு செயல்முறையாக்கி, எல்லா விடைகளையும் பட்டியலாகத் தரும் சர்ச்ஆல் கட்டளையிடம் ஒப்படையுங்கள். ஈ (E) என்ற எழுத்துக்கு 4 என்று கொண்டால் என் (N) 5, ஆர் (R) 8 ஆகிவிடும். டி (D) எழுத்துக்கு எஞ்சிய இலக்கம் எதுவும் பொருந்தாது. ஈ எழுத்துக்கு 5 என்று கொண்டாலோ எல்லாம் சட்டென்று அமர்ந்துவிடும்.

விலைக்கு வரும் நிரல்களைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் திருத்தக் கொண்டுவரப்பட்ட அத்தகைய நிரல்கள் பலவற்றில், முதல் இலக்கம் பூச்சியமாகக் கூடாது என்ற நிபந்தனையே இல்லை. அது இல்லையென்றால் 2817உடன் 0368ஐக் கூட்டினால் 03185 என்பதும் விடையாகிவிடும். எழுத்துக்கு எழுத்து சரியாக இருப்பதால் வாங்கியவருக்கு ஐயமே எழாது. எஸ், எம் இரண்டும் சொற்களின் முதலெழுத்துகள். ஆகவே இவ்விரண்டுக்கு மட்டும் பூச்சியத்தை விலக்குங்கள். எல்லா எழுத்துகளுக்கும் விலக்கினால் ஓவுக்கு உரிய 0 பறிபோய் ஒரு விடையும் கிடைக்காது. இத்தனை எளிய செய்தியைக்கூட விலை கொடுத்து வாங்கும் நிலைக்கு மாணவர்களைத் தள்ளுபவை, நிரலாக்கம் என்றாலே ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் மடக்குக் கட்டளைகள் என்று கற்பிக்கும் பாடத்திட்டங்கள்தாம். எட்டு மடக்குகளை ஒன்றனுள் ஒன்றாக வைத்து 10 கோடி சேர்க்கைகளைச் சோதிக்கும் நிரலுக்கு முழு மதிப்பெண் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

9567, 1085, 10652 என்ற ஒரே விடைதான் பட்டியலில் வர வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால், பூச்சியத்தை விலக்கும் அந்த இரண்டு வரிகளை முதலில் பாருங்கள்.