ஹிக்கன்லூப்பர் மாதிரி படிக்கப்போறேன்னு பொண்ணு சொன்னா என்ன பண்றது?

மேடம், பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா, கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணாம், இங்கிலீஷும் ஜியாலஜியும் சேர்த்துப் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா, ஏன்னு கேட்டா நம்ம கொலராடோவோட பழைய கவர்னர் ஜான் ஹிக்கன்லூப்பர் அதைத்தானே படிச்சாருன்னு உங்க வாயை அடைக்கிறா, இதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உதாரணம் நல்லாவே தேடிப் புடிச்சிருக்கா. ஆனா அந்தக் கதையில தனக்கு வேணுங்கற பாதிய மட்டும் எடுத்துட்டு வந்திருக்கா. மீதியையும் சேர்த்து சொல்றேன், அவளையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் படிங்க.

மனுஷன் பொறந்தது 1952ல, பென்சில்வேனியால நார்பெர்த்னு ஒரு சின்ன ஊர்ல. சின்னப் பையனா இருக்கும்போதே அப்பா கேன்சர்ல போயிட்டார், அம்மாதான் வளர்த்தாங்க. படிச்சது பிரைவேட் ஸ்கூல். அப்புறம் கனெக்டிகட்ல வெஸ்லியன் யூனிவர்சிட்டி, 1974ல இங்கிலீஷ் டிகிரி, அதுக்கப்புறம் ஜியாலஜி பக்கம் மனசு போய் அதே யூனிவர்சிட்டில 1980ல மாஸ்டர்ஸ். அதாவது ஸ்கூல் முடிச்சதுல இருந்து மாஸ்டர்ஸ் வாங்கற வரைக்கும் பத்து வருஷம். நம்ம வீட்டுல பையன் ஒரு செமஸ்டர் கூடுதலா எடுத்தாலே ஊர்ல இருக்கற பெரியப்பா வரைக்கும் போன் போயிடும். அந்தப் பத்து வருஷத்துக்கு யார் பணம் கட்டினா, எவ்வளவு கடன் ஆச்சுங்கறதுதான் இந்த மாதிரிக் கதைகள்ல நான் மொதல்ல பார்க்கறது. அன்னைக்கு இருந்த ஃபீஸ் வேற, இன்னைக்கு இருக்கற ஃபீஸ் வேற. உங்க பொண்ணு இங்கிலீஷ் முடிச்சிட்டு, பொறுமையா யோசிச்சு, அப்புறமா ஜியாலஜிக்கு வர்றதா இருந்தா வேணாம்னுதான் சொல்வேன். ரெண்டையும் நாலு வருஷத்துக்குள்ள சேர்த்து முடிக்கறேன்னு சொன்னா அது வேற பேச்சு, அதுக்குக் கீழ வர்றேன்.

மாஸ்டர்ஸ் முடிச்சதும் கொலராடோ வந்து பக்ஹார்ன் பெட்ரோலியம்னு ஒரு கம்பெனில ஜியாலஜிஸ்ட். அப்போ டென்வர்ல எண்ணெய்க் கம்பெனின்னா இன்னைக்கு நமக்கு ஐடி எப்படியோ அப்படி. 1985 கடைசில ஒரு பேரல் 27 டாலர் கிட்ட இருந்த எண்ணெய் விலை 1986 நடுவுல 10 டாலர் கிட்ட வந்து விழுந்துச்சு, இவருக்கும் வேலை போச்சு, வயசு 34. இவர் வேலைல எதுவும் சொதப்பல, டிகிரியும் மட்டமில்ல, ஆனா ஒரு ஊர்ல இருக்கற ஜியாலஜிஸ்ட் எல்லாரும் ஒரே நேரத்துல வேலை தேடினா ரெஸ்யூமே எவ்வளவு அழகா இருந்து என்ன பண்றது. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல இந்த மாதிரி வராதுன்னு நீங்க அவகிட்ட சொல்லிடாதீங்க, வீட்டுக்காரர் ஆபீஸ்ல நடக்கற லேஆஃப் எல்லாம் அவளும் கேட்டுட்டுதான் இருப்பா, உடனே திருப்பிக் கேப்பா.

இந்த எடத்துலதான் நான் கொஞ்சம் கறாரா இருப்பேன். வேலை போனது 1986, அவர் கடை திறந்தது 1988. நடுவுல ரெண்டு வருஷம் யோசிக்க, ஊர் சுத்த, ஆளுங்களைப் பார்க்க டைம் இருந்துச்சு. எச்1பிங்கற வேலை விசால இருக்கற ஒருத்தருக்கு வேலை போனா 60 நாள்தான், அதுக்குள்ள இன்னொரு வேலை கிடைக்கணும், இல்லன்னா ஸ்டேட்டஸ் மாத்தணும், இல்லன்னா மூட்டை கட்டணும். அதனால உங்க பொண்ணோட இமிக்ரேஷன் நிலைமை என்னன்னு எனக்குக் கண்டிப்பா தெரியணும். அவ இங்க பொறந்தவளா இருந்தா, நீங்க விசால இருந்தாலும் அவ எஃப்ஏஎஃப்எஸ்ஏங்கற விண்ணப்பத்தைப் போட்டு காலேஜ் செலவுக்கு ஃபெடரல் எய்ட் கேட்கலாம், நாளைக்கு ஜியாலஜிகல் சர்வே மாதிரி அரசாங்க வேலைக்கும் தடை இல்ல. உங்க விசாவை வச்சு வர்ற எச்4ல இருந்தா 21 வயசுல அது முடிஞ்சிடும், அதுக்குள்ள கிரீன் கார்டு வரலன்னா எஃப்1ங்கற மாணவர் விசாக்கு மாறணும், படிச்சு முடிச்சதும் ஓபிடி, அதாவது அதே விசால கொஞ்ச காலம் வேலை பார்க்கற அனுமதி. ஜியாலஜி ஸ்டெம் லிஸ்ட்ல, அதாவது அரசாங்கத்தோட அறிவியல், தொழில்நுட்பப் படிப்புப் பட்டியல்ல இருக்கு, அதனால ஒரு வருஷத்துக்கு மேல இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிக்கலாம், வெறும் இங்கிலீஷுக்கு அந்த ஒரு வருஷம்தான். விசால இருக்கற பொண்ணுன்னா ஜியாலஜி டிகிரிய எந்தக் காரணத்துக்காகவும் நடுவுல விட்டுடக்கூடாது.

சரி, அவர் என்ன கடை திறந்தாருன்னா பீர் காய்ச்சி விக்கற ரெஸ்டாரன்ட். முகம் சுளிக்காதீங்க மேடம், இங்க அது கௌரவமான தொழில். கலிஃபோர்னியால பெர்க்லில அண்ணன் வீட்டுக்குப் போனப்போ அந்த மாதிரி ஒரு கடையப் பார்த்திருக்கார், இது நம்ம ஊர்ல ஓடும்னு தோணியிருக்கு. பிசினஸ் பிளான் எப்படி எழுதறதுன்னு லைப்ரரில புக் எடுத்துப் படிச்சு எழுதியிருக்கார். டென்வர் யூனியன் ஸ்டேஷனுக்கு எதிர்ல, 18வது தெருவும் விங்கூப் தெருவும் சேர்ற எடத்துல, 1899ல கட்டின பழைய கிடங்கு ஒண்ணு. அன்னைக்கு அந்த ஏரியாவே பாழடைஞ்சு கிடந்துச்சு, அதனால வாடகை சதுர அடிக்கு ஒரு டாலர், மாசத்துக்கு இல்ல, வருஷத்துக்கு. விங்கூப் ப்ரூயிங் கம்பெனி அங்கதான் ஆரம்பிச்சுது. பீர் காய்ச்சத் தெரிஞ்ச பார்ட்னர் வேற ஒருத்தர், இவர் வேலை ஆளுங்களைச் சேர்க்கறது, கணக்குப் பார்க்கறது, டேபிள் டேபிளா போய்ப் பேசறது. 1995ல கூர்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் மைதானம் நடந்து போற தூரத்துலயே வந்துச்சு, ஏரியாவே மாறிப்போச்சு. அதிர்ஷ்டம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா மைதானம் வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே அங்க கடை போட்டு உக்காந்திருந்தவர் அவர்.

ரெஸ்டாரன்ட் நடத்தறவன் எதிரிய சம்பாதிச்சா லாபம் இல்லன்னு அவர் அடிக்கடி சொல்லுவார். கஸ்டமர் சாப்பாடு சரியில்லன்னு கத்தினா, அவர் சொல்றத அப்படியே அவருக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டினாலே பாதிக் கோவம் போயிடும்ங்கறதும் அவர் ஹோட்டல்ல கத்துக்கிட்டதுதான். பின்னாடி அரசியல்ல அவர் பொழைச்சது இதை வச்சுத்தான்னு நான் நினைக்கறேன், இங்கிலீஷ் டிகிரியும் இல்ல, ஜியாலஜியும் இல்ல. இன்னொண்ணு கேளுங்க, அவருக்கு முகம் ஞாபகம் வைக்கறதுல பிரச்சனை, பலமுறை பார்த்தவங்களையே அடையாளம் தெரியாதுன்னு அவரே வெளிப்படையா சொல்லியிருக்கார். அரசியல்வாதிக்கு அதைவிடப் பெரிய குறை என்ன இருக்கு சொல்லுங்க. உங்க பொண்ணு யார்கிட்டயும் சட்டுனு பேச மாட்டா, அரசியல் அவளுக்கு ஒத்துவருமான்னு கேட்டிருந்தீங்களே, அதுக்கு இதுவே போதும்.

அரசியலுக்கு வந்ததும் திடீர்னு இல்ல. டென்வர் மைல் ஹை ஸ்டேடியத்துக்குப் பதிலா புதுசு கட்டி, கம்பெனி பேரை வைக்கப் போறாங்கன்னதும் பழைய பேரை விடக்கூடாதுன்னு சண்டை போட்ட ஆளுங்கள்ல இவரும் ஒருத்தர். ஊருக்கு இவரைத் தெரிஞ்சது அப்போதான். 2003ல மேயர் தேர்தல், அதுவரைக்கும் ஒரு வார்டு பதவி கூட வகிச்சதில்ல, டிவி விளம்பரத்துல இடுப்புல சில்லறை மெஷினைக் கட்டிக்கிட்டு அடுத்தவங்க பார்க்கிங் மீட்டர்ல காசு போட்டுக்கிட்டே போவார், ஏன்னா மீட்டர் கட்டணம் ஏறினதுல ஊரே கடுப்புல இருந்துச்சு. ஜெயிச்சப்போ வயசு 51. உள்ள போய்ப் பார்த்தா பட்ஜெட்ல பெரிய ஓட்டை, தன் சம்பளத்தையும் குறைச்சார். 2004ல ஃபாஸ்ட்ராக்ஸ்னு 4.7 பில்லியன் டாலர் ரயில் திட்டத்துக்கு சுத்தியிருக்கற ஊர் மேயர்களை எல்லாம் ஒண்ணா நிக்க வச்சு, சேல்ஸ் டாக்ஸ ஏத்தறதுக்கு மக்கள்கிட்டயே ஓட்டு வாங்கினாங்க. நீங்க ஏர்போர்ட்டுக்குப் போற ஏ லைன் ரயில் அதுல வந்ததுதான், ஓடறதுக்கு 2016 ஆச்சு. அதே திட்டத்துல ரயில் வரும்னு நம்பின லாங்மான்ட் ஊர்ல இருக்கறவங்களைக் கேட்டா எங்க ரயில் எங்கன்னு இன்னைக்கும் திட்டுவாங்க, அதுவும் நியாயம்தான்.

2010ல கவர்னர் தேர்தல்ல ஜெயிச்சு 2011 ஜனவரில பதவி ஏத்தப்போ 58 வயசு. உங்க பொண்ணுக்கு இந்த வேலை உள்ள எப்படி இருக்கும்னு தெரியாது, வெளிய இருந்து பார்த்தா கொடி, போட்டோ, மாளிகை. அன்னைக்குக் கொலராடோ கவர்னர் சம்பளம் வருஷத்துக்கு 90,000 டாலர், உங்க வீட்டுக்காரருக்கு அதைவிடக் கூட இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வரிய அவர் நினைச்சா ஏத்த முடியாது, 1992ல வந்த டேபார் சட்டப்படி மக்கள் ஓட்டு போட்டாதான் ஏத்தலாம். 2013ல ஸ்கூல்களுக்காக வருமான வரிய ஏத்தச் சொல்லி 66வது திருத்தம்னு ஒண்ணு கொண்டுவந்தப்போ இவர் முழுசா ஆதரிச்சார், மூணுல ரெண்டு பங்கு கிட்ட மக்கள் வேணாம்னுட்டாங்க. கஞ்சாவ சட்டபூர்வமாக்கற ஓட்டெடுப்பு 2012ல வந்துச்சு, இவர் அதுக்கு எதிர், ஆனா ஜெயிச்சிடுச்சு, அப்புறம் தான் வேணாம்னு சொன்ன அதே விஷயத்துக்கு உலகத்துல யாருமே எழுதாத விதிமுறைய எல்லாம் தன் ஆபீஸே உக்காந்து எழுதவேண்டி வந்துச்சு, 2014 ஜனவரி 1ல கஞ்சாக் கடை திறந்துட்டாங்க. 2012 ஜூலைல அரோரா தியேட்டர்ல 12 பேரை சுட்டுக் கொன்னப்புறம் துப்பாக்கிச் சட்டங்கள்ல கையெழுத்துப் போட்டார், பாதி ஸ்டேட் இவரைத் திட்டுச்சு. காட்டுத்தீ, 2013 செப்டம்பர் வெள்ளம், எல்லாம் இவர் காலத்துலதான். 2014ல மறுபடி நின்னப்போ 50 சதவீதம் கூட வரல, கொஞ்ச வித்தியாசத்துலதான் தப்பிச்சார். பொண்ணுகிட்ட கேளுங்க, நீ எதிர்க்கற ஒண்ண நீயே பொறுப்பா நடத்திக் கொடுக்கற வேலை உனக்கு ஓகேவான்னு.

ஜியாலஜி வீணாச்சான்னு பார்த்தா அதுவும் இல்ல. எண்ணெய்க் கிணறுகள்ல இருந்து கசியற மீத்தேனைக் கட்டுப்படுத்த 2014ல கொலராடோதான் நாட்டுலயே மொதல்ல விதி கொண்டுவந்துச்சு, எண்ணெய்க் கம்பெனிகளையும் சுற்றுச்சூழல் அமைப்பையும் ஒரே டேபிள்ல உக்கார வச்சுப் பேசி முடிச்சது இவர் ஆபீஸ். பாறை, கிணறு பத்தித் தெரிஞ்ச கவர்னர்கிட்ட கம்பெனிக்காரங்க கதை விட முடியாது. அதே நேரம், பாறைய உடைச்சு எண்ணெய் எடுக்கக் கிணத்துக்குள்ள செலுத்தற ஃப்ராக்கிங் திரவத்தை நானே குடிச்சேன்னு வாஷிங்டன் போய்ச் சொல்லி எல்லார்கிட்டயும் வாங்கிக் கட்டிக்கிட்டதும் இவர்தான். எண்ணெய்க் கம்பெனிக்கு ரொம்ப வேண்டப்பட்டவர்னு ஒரு பெரிய கூட்டமே இன்னும் சொல்லுது.

2019 ஜனவரில பதவி முடிஞ்சுது, ஏன்னா தொடர்ச்சியா ரெண்டு தடவைக்கு மேல இருக்க முடியாது. அந்த வருஷமே ஜனாதிபதி தேர்தல்ல இறங்கி ஆகஸ்ட்லயே விலகிட்டார், 2020ல செனட்டுக்கு நின்னு ஜெயிச்சார்.

இப்ப உங்க வீட்டு விஷயம். கவர்னர் ஆகணும்னு இங்க தனிப் படிப்பு கிடையாது. 30 வயசு, சிட்டிசன், ரெண்டு வருஷமா இந்த ஸ்டேட்ல குடியிருக்கணும், அவ்வளவுதான் கொலராடோ கேக்கறது, இங்கயே பொறந்திருக்கணும்னு இல்ல. மேரிலாண்ட்ல லெஃப்டினன்ட் கவர்னரா வந்த அருணா மில்லர் ஹைதராபாத்ல பொறந்தவங்க, கவுன்டி போக்குவரத்துத் துறைல பல வருஷம் சிவில் இன்ஜினியரா வேலை பார்த்தவங்க. சௌத் கரோலினா நிக்கி ஹேலி அக்கவுண்டிங் படிச்சவங்க. ஆக அரசியல் ஆசைக்காக ஒரு மேஜர, அதாவது காலேஜ்ல எடுக்கற முக்கியப் பாடத்த, எடுக்கவும் வேணாம், விடவும் வேணாம். அவ 22 வயசுல எந்த வேலைக்குப் போவாங்கற கேள்விக்கு மேஜர் பதில் சொல்லணும்.

ஜியாலஜின்னா கால்குலஸ், கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் எல்லாம் உண்டு, கல்லு பொறுக்கற படிப்புன்னு நினைச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. பெரும்பாலான எடத்துல ஒரு சம்மர் ஃபீல்ட் கேம்ப் கட்டாயம், அஞ்சாறு வாரம் மலைல வெயில்ல மேப் போடணும், அதுக்குத் தனியா பணம் கட்டணும், இதை யாரும் மொதல்ல சொல்ல மாட்டாங்க. கோல்டன்ல இருக்கற ஸ்கூல் ஆஃப் மைன்ஸ் இந்தத் துறைக்குப் பெரிய பேரு, ஆனா அங்க இங்கிலீஷ் மேஜர் கிடையாது, அதனால ரெண்டும் வேணும்னா போல்டர்ல இருக்கற சியு யூனிவர்சிட்டியோ ஃபோர்ட் காலின்ஸ்ல இருக்கற ஸ்டேட் யூனிவர்சிட்டியோதான். இங்கிலீஷ்தான் முக்கியம்னு சொல்லாம, ஜியாலஜிகூட இங்கிலீஷ சேர்த்து, எலெக்டிவ்ல கம்ப்யூட்டர்ல மேப் போடற ஜிஐஎஸ்ஸும் பைதான் ப்ரோகிராமிங்கும் எடுத்தா உங்க பாதி பயம் தீர்ந்துடும். நிலத்தடித் தண்ணி, நிலச்சரிவு, சுரங்கம், ஜியோதெர்மல்னு எண்ணெய்க்கு வெளிய வேலை இருக்கற பக்கமா அவ போகட்டும், 1986 மாதிரி இன்னொரு தடவை வந்தாலும் மொத்தமா அடிபடாம இருக்கும். நிறைய ஸ்டேட்ல ஜியாலஜிஸ்டுக்கு லைசென்ஸ் பரீட்சை இருக்கு, அதுல மொதல் பரீட்சையவாவது டிகிரி முடிச்ச கையோட எழுதிடறது நல்லது.

ஹிக்கன்லூப்பர் காலத்துல ஆரம்பிச்ச இன்னொரு விஷயமும் அவளுக்கு உதவும். சுவிட்சர்லாந்துல பசங்க ஸ்கூல் படிக்கும்போதே கம்பெனில சம்பளத்தோட தொழில் பழகறதைப் பார்த்துட்டு வந்து 2016ல கேரியர்வைஸ் கொலராடோன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, ஹைஸ்கூல் கடைசி வருஷங்கள்ல ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஓடும். உங்க டிஸ்ட்ரிக்ட்ல இருக்கா, விசா இருந்தா சேர முடியுமான்னு ஸ்கூல் கவுன்சிலரைக் கேளுங்க. அரசியல் ஆசைக்கு, ஜனவரில இருந்து மே வரைக்கும் டென்வர் கேபிடல்ல சட்டசபை நடக்கும், கமிட்டில பொதுமக்கள் யார் வேணா போய்ப் பேசலாம், சிட்டிசனா இருக்கணும்னு இல்ல. தண்ணி சம்பந்தமா ஒரு பில் வர்ற அன்னைக்கு அவளைக் கூட்டிட்டுப் போய், ரெண்டு நிமிஷம் பேசிட்டு வரச் சொல்லுங்க.

காலேஜ் லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி எனக்கு மூணு விஷயம் அனுப்புங்க மேடம். அவளோட மேத்ஸ், கெமிஸ்ட்ரி மார்க், அவ பேர்ல எந்த விசா அல்லது பாஸ்போர்ட் இருக்கு, காலேஜுக்காகச் சேமிக்கற 529 அக்கவுண்ட்ல இதுவரைக்கும் எவ்வளவு சேர்த்திருக்கீங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் பேச்ச அதுவரைக்கும் வீட்டுல எடுக்காதீங்க.