வேறு பெயரில் ஒளிந்திருக்கும் கட்டுரைகள்

(ஆய்வு நூலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பகுதியாசிரியர், மொழியியல் மாணவர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறார்.)

கேள்வி: அம்மா, 'வந்துவிட்டான்', 'சொல்லிவைத்தாள்' போன்றவற்றில் வரும் துணைவினைகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் தளத்தில் 'தமிழ் ஹெல்பிங் வெர்ப்' என்று ஆங்கிலத்தில் தட்டினேன். பள்ளிப் பாடக்குறிப்பு போன்றவைதான் வருகின்றன. 'இப்பொருளில் ஆய்வுகள் நிகழவில்லை' என்று முதல் இயலில் எழுதிவிடலாமா?

பதில்: எழுதிவிடாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் அந்த வாக்கியத்தைத்தான் பிடிப்பார்கள். 'எழுதிவிடலாமா' என்று நீங்கள் கேட்டதிலேயே உங்கள் ஆய்வுப்பொருள் இருக்கிறது. அதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், வம்பு அங்கேதான்.

தாமஸ் லேமன் 1989இல் வெளியிட்ட தற்காலத் தமிழ் இலக்கணத்தில் இவை 'ஆக்ஸிலரி வெர்ப்'. இ. அண்ணாமலையின் 1985ஆம் ஆண்டு நூல் இவற்றையே பேசுகிறது. அதன் தலைப்பிலோ 'வெர்பல் எக்ஸ்டென்ஷன்' என்றுதான் இருக்கும், 'ஆக்ஸிலரி' என்று தேடுகிறவரின் கண்ணில் படாது. ஹெரால்டு ஷிஃப்மனின் பேச்சுத்தமிழ் இலக்கணத்தில் 'ஆஸ்பெக்ட்' என்ற தலைப்பின்கீழ்ப் பாருங்கள். வடக்கே இந்தி, உருது பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. பீட்டர் ஹூக் 1974இல் இந்தியைப் பற்றி எழுதியபோது 'காம்பவுண்ட் வெர்ப்' என்றார்; அதில் வரும் இரண்டாம் வினைக்கு 'வெக்டர்' என்பார்கள், 'எக்ஸ்ப்ளிகேட்டர்' என்பார்கள். உருதுவை ஆராய்ந்த மிரியம் பட் அதை 'லைட் வெர்ப்' என்கிறார். 'ஹெல்பிங் வெர்ப்' மட்டும் இவர்கள் யாருடைய தலைப்பிலும் இல்லை. அது வகுப்பறைச் சொல்.

உங்களைக் குறை சொல்லவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், 'புலி கிலி', 'காசு கீசு' போன்ற சொற்களைப் பற்றிக் கட்டுரை வேண்டும் என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். 'ரீடூப்ளிகேஷன்', அதாவது சொல் இரட்டித்தல், என்ற தலைப்பில் நூலகப் பட்டியலை அட்டை அட்டையாகப் புரட்டினேன். மூன்று வாரம் போயிற்று. மொழியியலாளர் எமனோ நீலகிரியின் தோடா மொழியை வைத்து 1938இலேயே எழுதிய கட்டுரை 'எக்கோ வேர்ட்' (எதிரொலிச் சொல்) என்ற பெயரில் அதே அறையில்தான் இருந்தது. அன்றிலிருந்து என் மேசையில் ஒரு குறிப்பேடு: ஒரு பொருள், அதன்கீழ் அதற்கு வழங்கும் எல்லாப் பெயர்களும். நீங்களும் அப்படி ஒன்று தொடங்குங்கள். தேடுவதற்கு முன் ஒரு பக்கமாவது நிரம்ப வேண்டும்.

அந்தப் பெயர்கள் எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? நல்ல நூல் ஒன்றே போதும். சான்ஃபோர்டு ஸ்டீவர் தமிழ்த் துணைவினைகளுக்காகவே ஒரு நூலை 2005இல் வெளியிட்டார். அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள். துணைநூற்பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துப் போகும். பிறகு அதே நூலை கூகுள் ஸ்காலரில் தேடி, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறங்கள். அது முன்னோக்கிக் கொண்டுவரும். அந்தப் பட்டியலுக்குள்ளேயே மறுபடி தேடவும் வசதி உண்டு. ஏனோ பலர் அந்தக் கட்டத்தைத் தொடுவதே இல்லை.

கோத்தா, இருளா போன்ற மொழிகளோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் 'குளோட்டோலாக்' தளத்துக்குப் போங்கள். மொழிவாரியாக இலக்கணம், அகராதி, கட்டுரை எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: தொல்காப்பியம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகள் ஒரு தளத்தில் நிறைய வருகின்றன, இன்னொன்றில் ஒன்றிரண்டுதான். ஏன்?

பதில்: எழுத்துக்கூட்டல்தான் காரணம். ஒருவர் 'டி' போட்டுத் தொடங்குவார், இன்னொருவர் 'டிஹெச்' போடுவார், மூன்றாமவர் நெடிலுக்கு இரண்டு 'ஏ' போடுவார், நான்காமவர் எழுத்தின் தலையில் கோடு இழுப்பார். நான்கையும் தனித்தனியே தேடுங்கள். ஆசிரியர் பெயரிலும் இதே கதைதான். நம் முன்னெழுத்தைக் குடும்பப்பெயராக எண்ணிப் பதிந்துவைத்த பட்டியல்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

கேள்வி: தேடியது கிடைத்தது. திறந்தால் பணம் கேட்கிறது. மாணவன் நான் என்ன செய்வேன்?

பதில்: பணப்பையைத் திறக்கும் முன் கூகுள் ஸ்காலரில் அந்தப் பதிவின் அடியில் உள்ள 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைத் தொடுங்கள். ஆசிரியரே தன் பக்கத்தில் போட்ட இலவசப் படி அங்கே இருக்கக்கூடும். 'அன்பேவால்' என்ற நீட்சியை உலாவியில் நிறுவினால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் படி இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். தொடரியல், ஒலியனியல் பக்கம் என்றால் 'லிங்பஸ்' களஞ்சியத்தில் அச்சுக்கு முந்தைய வடிவங்கள் கிடக்கின்றன.

எதுவும் இல்லையென்றால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். கூச்சம் வேண்டாம். நீங்கள் கட்டும் தொகையில் பொதுவாக அவருக்குச் சல்லிக்காசு போவதில்லை. தன் கட்டுரையை ஒருவர் கேட்கிறார் என்றாலே மகிழ்ந்துபோவார். இந்தக் கட்டணக் கொடுமையைப் பொறுக்காமல் 'லிங்குவா' இதழின் ஆசிரியர் குழு 2015இல் கூண்டோடு விலகி, அடுத்த ஆண்டே 'குளோஸா' என்ற திறந்த இதழைத் தொடங்கியது. அதில் வரும் கட்டுரை எதற்கும் வாசகர் காசு கொடுக்க வேண்டியதில்லை. நூல்கள் வேண்டுமானால் 'லாங்வேஜ் சயன்ஸ் பிரஸ்' தளத்துக்குப் போங்கள். எல்லாமே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்று எனக்கு ஆறு கட்டுரைகளின் பட்டியல் தந்தது. ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் இருக்கின்றன. எந்த நூலகத்திலும் கிடைக்கவில்லை. அரிய கட்டுரைகளா?

பதில்: பிறக்காத கட்டுரைகளாக இருக்கும். அந்த இதழின் அந்த ஆண்டுத் தொகுதியை எடுத்து, பொருளடக்கத்தில் அந்தப் பக்க எண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேறொருவரின் நூல் மதிப்புரை இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதையும் படித்துவிடுங்கள், எடுத்த தொகுதியை ஏன் சும்மா வைப்பானேன்.